கார்புரேட்டரைக் கடைசியில் தொடுங்கள்: வாசகர் கேள்வி பதில்

பழைய கார் வைத்திருப்பவர்கள் அனுப்பிய கேள்விகள் கொஞ்ச நாளாகவே சேர்ந்துகொண்டிருந்தன. எல்லாவற்றையும் இந்த இதழில் ஒன்றாகப் போட்டுவிடலாம் என்று எடுத்து வைத்துப் படித்தால், கார்புரேட்டர் கோளாறு என்று வந்தவற்றில் பாதிக்குக் கோளாறு கார்புரேட்டரில் இல்லவே இல்லை. எங்கே இருக்கிறது என்பதை அந்தந்தக் கேள்வி வரும்போது சொல்கிறேன்.

கேள்வி: சார், கார்புரேட்டர் வைத்த பழைய கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மெக்கானிக்கிடம் போய் நிற்காமல் ட்யூனிங்கை வீட்டிலேயே நானே கற்றுக்கொள்ள வேண்டும். எந்த ஸ்க்ரூவில் ஆரம்பிப்பது?

எந்த ஸ்க்ரூவிலும் ஆரம்பிக்காதீர்கள். முதல் ஒரு வாரம் ஸ்க்ரூ டிரைவரைக் கார்புரேட்டர் பக்கமே கொண்டுபோக வேண்டாம். காரணம் எளிது. கார்புரேட்டரின் வேலை பெட்ரோலையும் காற்றையும் கலந்து தருவது மட்டும்தான். அந்தக் கலவையை உள்ளே இழுப்பது பிஸ்டன், அடைத்து வைப்பது வால்வு, பற்றவைப்பது ஸ்பார்க் பிளக். இந்த மூன்றில் ஒன்று சரியில்லாவிட்டாலும் இன்ஜின் குலுங்கும், நாம் பழியைத் தூக்கிக் கார்புரேட்டர் மேல் போடுவோம், இருந்த செட்டிங்கையும் கலைப்போம், அதற்கப்புறம் இரண்டு கோளாறு ஆகிவிடும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளி. அப்புறம் பிளக், பிளக் வயர், ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடி, அதற்குள் உள்ள பாயிண்ட் இடைவெளி. அது முடிந்ததும் இக்னிஷன் டைமிங், அதாவது பிளக் பற்றவைக்கும் நேரம். பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் கூடவே மாறும் என்பதால் இந்த இரண்டையும் வரிசை மாற்றிச் செய்யக் கூடாது. பிறகு ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர். அடுத்து எங்காவது காற்று திருட்டுத்தனமாக நுழைகிறதா என்று பார்ப்பது. கார்புரேட்டர் எல்லாவற்றுக்கும் கடைசி. அளவுகளை உங்கள் காரின் கையேட்டில் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் அளவு அவர் காருக்கு.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். சரியான அகலமுள்ள தட்டை ஸ்க்ரூ டிரைவர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், டைமிங் லைட், ஆர்.பி.எம். காட்டும் மீட்டர், முடிந்தால் இன்ஜினின் உறிஞ்சலை அளக்கும் ஒரு வேக்குவம் கேஜ். இவற்றோடு ஒரு நோட்டுப் புத்தகம். எந்த ஸ்க்ரூ எத்தனை சுற்றில் இருந்தது, எவ்வளவு திருப்பினீர்கள், என்ன ஆனது என்று எழுதிக்கொண்டே போங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டைச் சேர்த்து மாற்றினால் எது வேலை செய்தது என்பது உங்களுக்கும் தெரியாது, நாளைக்கு வண்டியைப் பார்க்கும் மெக்கானிக்குக்கும் தெரியாது.

கேள்வி: இன்ஜின் பெட்ரோலை உறிஞ்சுகிறது என்கிறார்களே, ஜெட் வழியாகப் பெட்ரோல் வருவது அப்படித்தானா?

பாதி சரி. கார்புரேட்டரின் நடுவில் வெஞ்சுரி என்று ஒரு குறுகலான தொண்டை இருக்கிறது. காற்று அதில் நுழையும்போது வேகம் கூடுகிறது, அழுத்தம் குறைகிறது. பக்கத்தில் பெட்ரோல் தேங்கி நிற்கும் ஃப்ளோட் சேம்பர் என்ற சிறு தொட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் அப்படியே இருப்பதால் அதுதான் பெட்ரோலை ஜெட் என்ற நுண்துளை வழியாகத் தொண்டைக்குள் தள்ளிவிடுகிறது. ஃப்ளோட் சேம்பர் வைத்துப் பெட்ரோலைத் தூவுகிற இந்த அமைப்பை 1893-இல் வில்ஹெல்ம் மேபாக் கொண்டுவந்தார், அடிப்படை இன்னும் மாறவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஐடிலிங்கில், அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் இன்ஜின் ஓடும்போது, காற்று வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் தட்டு ஏறக்குறைய மூடியிருப்பதால் தொண்டையில் காற்று வேகமே இருக்காது, மெயின் ஜெட்டிலிருந்து எதுவும் வராது. அப்போது பெட்ரோல் தருவது த்ராட்டில் தட்டுக்குக் கீழே திறக்கும் தனி வழி, அதாவது ஸ்லோ ஜெட் வழி. ஆக்ஸிலரேட்டரை மெதுவாக அழுத்தும்போது இடையில் சில சிறு துளைகள் திறந்து உதவும், திடீரென்று மிதித்தால் பம்ப் ஒன்று பீய்ச்சியடிக்கும், அதன் பிறகுதான் மெயின் ஜெட் முழுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும். வண்டி எந்த நிலையில் தகராறு செய்கிறது என்று கவனித்தாலே எந்த வழியில் பிரச்சினை என்று பாதி தெரிந்துவிடும். ஐடிலிங் மட்டும் மோசம் என்றால் மெயின் ஜெட்டைக் கழற்றி ஒரு பயனும் இல்லை.

கேள்வி: மிக்ஸ்சர் ஸ்க்ரூவை எப்படி செட் செய்வது? ஒன்றரைச் சுற்று என்று ஒருவர் சொல்கிறார், இரண்டு என்று இன்னொருவர்.

இரண்டு பேருமே ஆரம்ப நிலையைத்தான் சொல்கிறார்கள், முடிவை இல்லை. ஐடிலிங் கலவையைக் கட்டுப்படுத்தும் அந்த ஸ்க்ரூவை விரல் நுனியில் மெதுவாக உள்ளே திருகி, லேசாக முட்டியதும் நிறுத்தி, அங்கிருந்து ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்தால் பெரும்பாலான இன்ஜின் ஸ்டார்ட் ஆகிவிடும், அவ்வளவுக்குத்தான் அந்தக் கணக்கு. முட்டிய பிறகும் இறுக்கினால் ஊசி முனையில் வளையமாகத் தழும்பு விழும்; அதற்கப்புறம் அந்த ஸ்க்ரூ நுணுக்கமாக வேலை செய்யவே செய்யாது.

இனி செட் செய்யும் விதம். வண்டியை வெளியே ஓட்டி இன்ஜினை முழுதாகச் சூடேற்றுங்கள். நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஓடவிட்டது போதாது. சோக், அதாவது குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் மூடி, முழுக்கத் திறந்திருக்க வேண்டும், விளக்கு, ஃபேன் எல்லாம் அணைந்திருக்க வேண்டும், ஏர் ஃபில்டர் அதன் இடத்தில் இருக்க வேண்டும். ஃபில்டரைக் கழற்றி வைத்து ட்யூன் செய்துவிட்டுப் பிறகு மாட்டினால் கலவை மாறிவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஐடில் வேகத்தைக் கையேட்டில் உள்ளபடி வையுங்கள், நான்கு சிலிண்டர் இன்ஜினுக்குப் பொதுவாக 700 முதல் 900 ஆர்.பி.எம். வரை இருக்கும்.

இப்போது மிக்ஸ்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாக உள்ளே திருப்புங்கள். ஒவ்வொரு தடவையும் சில நொடி பொறுங்கள், இன்ஜினுக்கு அந்த மாற்றம் போய்ச்சேர நேரம் வேண்டும். ஓரிடத்தில் வேகம் குறைந்து தடுமாறத் தொடங்கும். அது லீன் எல்லை, பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். இப்போது வெளியே திருப்புங்கள். வேகம் ஏறும், ஒரு நிலையில் மிக உயரமாகவும் மிக அமைதியாகவும் ஓடும், இன்னும் திருப்பினால் கனத்த சத்தத்தோடு மெல்ல ஏறி இறங்கி ஓட ஆரம்பிக்கும். அது ரிச் எல்லை, பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். இந்த இரண்டுக்கும் நடுவில் வேகம் உச்சத்தில் இருக்கும் இடத்துக்குத் திரும்புங்கள். வேகம் கூடியிருக்குமே, அதை, த்ராட்டில் எவ்வளவு திறந்து நிற்கும் என்பதை வைக்கும் ஐடில் ஸ்க்ரூவால் குறையுங்கள், மறுபடியும் மிக்ஸ்சரை ஒருமுறை தேடுங்கள். இரண்டும் ஒன்றையொன்று இழுக்கும், ஆகவே இரண்டு மூன்று சுற்று இப்படி மாறி மாறிப் போக வேண்டியிருக்கும். கடைசியாக உச்ச வேகத்திலிருந்து மிகச் சிறிதளவு, அரைக்கால் சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே திருப்பி விட்டுவிடலாம். மிக்ஸ்சர் ஸ்க்ரூ இரண்டு இருந்தால் இரண்டையும் சம அளவில் மாற்றி மாற்றித் திருப்புங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்க்ரூ த்ராட்டில் தட்டுக்கு இன்ஜின் பக்கம் இருந்தால் உள்ளே போவது லீன். காற்று நுழையும் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்தும் ஸ்க்ரூ, அதில் உள்ளே போவது ரிச், எல்லாம் தலைகீழ். எது உங்களுடையது என்று பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

வேக்குவம் கேஜ் இருந்தால் காதை மட்டும் நம்பி நிற்க வேண்டாம். நல்ல இன்ஜின் ஐடிலிங்கில், கடல் மட்டத்தில், 17 முதல் 21 அங்குலம் பாதரசம் என்று அசையாமல் காட்டும். முள் தாழ்ந்து, ஆனால் ஆடாமல் நின்றால் டைமிங் பின்தங்கியிருக்கலாம் அல்லது காற்று கசியலாம். ஒரே தாளத்தில் வெட்டி வெட்டி இறங்கினால் வால்வைப் பாருங்கள். மெல்ல மேலும் கீழும் மிதந்தால் அதுதான் நீங்கள் தேடும் மிக்ஸ்சர் பிரச்சினை.

கேள்வி: மிக்ஸ்சர் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே திருகிவிட்டேன், இன்ஜின் பாட்டுக்கு ஓடுகிறது. ஸ்க்ரூவே போலியா?

வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஸ்க்ரூ முழுக்க மூடியும் இன்ஜின் நிற்கவில்லை என்றால் பெட்ரோல் வேறு எங்கிருந்தோ வருகிறது. எங்கிருந்து?

முதல் சந்தேகம் ஐடில் ஸ்க்ரூ மேல். யாரோ எப்போதோ இன்ஜின் நிற்கிறதே என்று ஐடில் ஸ்க்ரூவைத் திருகித் திருகி த்ராட்டிலைத் தேவைக்கு மேல் திறந்து வைத்திருப்பார்கள். தட்டு திறந்ததும் நான் மேலே சொன்ன இடைத்துளைகள் வெளிப்பட்டு அவற்றின் வழியாகவே இன்ஜினுக்கு வேண்டிய பெட்ரோல் கிடைத்துவிடும், மிக்ஸ்சர் ஸ்க்ரூவுக்கு வேலையே இல்லை. ஐடில் ஸ்க்ரூவைப் பின்னால் எடுத்து, லிவரை அது தொடும் இடத்திலிருந்து எத்தனை சுற்று உள்ளே தேவைப்படுகிறது என்று பாருங்கள். ஒன்றரைச் சுற்றுக்கு மேல் என்றால் த்ராட்டில் அதிகம் திறந்திருக்கிறது. ஏன் அவ்வளவு திறக்க வேண்டி வந்தது என்பதுதான் உண்மையான கேள்வி. ஒன்று ஸ்லோ ஜெட் அடைபட்டிருக்கும், அல்லது டைமிங் பின்தங்கியிருக்கும், அல்லது வால்வு இறுக்கமாக இருக்கும். பார்த்தீர்களா, மறுபடி முதல் பதிலுக்கே வந்து நிற்கிறோம்.

இரண்டாவது சந்தேகம் ஃப்ளோட், அதாவது சேம்பரில் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை. மட்டம் உயர்ந்திருந்தாலோ, பெட்ரோல் வரவை நிறுத்தும் நீடில் வால்வு சரியாக மூடாவிட்டாலோ, ஃப்ளோட்டுக்குள்ளேயே பெட்ரோல் புகுந்து அது கனத்துவிட்டாலோ, ஐடிலிங்கில் சும்மா இருக்க வேண்டிய மெயின் குழாயிலிருந்து பெட்ரோல் சொட்டும். கழற்றிய ஃப்ளோட்டைக் காதருகே ஆட்டிப் பாருங்கள், உள்ளே சலசலத்தால் மாற்ற வேண்டியதுதான்.

இதற்கு நேரெதிர் நிலையும் உண்டு. ஸ்க்ரூவை எவ்வளவு வெளியே எடுத்தாலும் லீனாகவே தடுமாறுகிறது என்றால் ஸ்லோ ஜெட் அடைப்பு, இல்லையென்றால் காற்றுக் கசிவு. கார்புரேட்டரின் அடி கேஸ்கெட், மேனிஃபோல்டு கேஸ்கெட், பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் மெல்லிய ஹோஸ், இந்த நான்கிலும் தண்ணீரை மெல்லிய தூவலாக அடித்துப் பாருங்கள், மின்சாரப் பாகங்களை நனைக்காமல். எங்கே அடிக்கும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கே கசிவு. கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்க்கும் வழக்கம் உண்டு, அது வேகமாகக் காட்டிக்கொடுக்கும் என்பதும் உண்மை, ஆனால் கொதிக்கிற எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் பற்றக்கூடிய திரவத்தைத் தூவ நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: அடைபட்ட ஜெட்டை மெல்லிய கம்பியால் குத்தலாமா?

கூடாது. ஜெட் பித்தளை, கம்பி இரும்பு. ஸ்லோ ஜெட்டின் துளை பெரும்பாலும் அரை மில்லிமீட்டர் அளவுதான், ஒரு கீறல் போதும். கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின் படிந்திருக்கும், ஒரு தடவை ஊறியதில் போகாது. கண்ணாடி போட்டுக்கொண்டு காற்றடியுங்கள், அடுத்த துளை வழியாகக் கிளீனர் நேராகக் கண்ணுக்குத்தான் வரும்.

கேள்வி: ஐடிலிங் அருமை, நேர் சாலையில் ஓட்டமும் அருமை. ஆனால் ஆக்ஸிலரேட்டரைத் திடீரென்று மிதித்தால் ஒரு நொடி செத்துவிட்டு அப்புறம்தான் இழுக்கிறது.

இன்ஜினை அணையுங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு உள்ளே பார்த்தபடி த்ராட்டில் லிவரைக் கையால் இழுங்கள். இழுத்த அந்தக் கணமே ஒரு மெல்லிய பெட்ரோல் கீற்று பீய்ச்ச வேண்டும். தாமதமாக வந்தாலோ, சொட்டினாலோ, வராவிட்டாலோ பம்ப்பின் டயஃப்ரம் என்ற சவ்வு கிழிந்திருக்கும் அல்லது நாஸில் அடைபட்டிருக்கும். கீற்று நன்றாக வருகிறதென்றால் கார்புரேட்டரை மூடிவிட்டு டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போங்கள். டைமிங்கை முன்தள்ளும் வேக்குவம் அட்வான்ஸின் ஹோஸைக் கார்புரேட்டர் முனையில் கழற்றி வாயால் உறிஞ்சிப் பாருங்கள், மூடியைத் திறந்து வைத்தால் உள்ளே தட்டு நகர்வது தெரியும், நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும். நகரவில்லை, காற்று தாராளமாக வருகிறது என்றால் அங்கே டயஃப்ரம் போய்விட்டது. இழுக்கும்போது கார்புரேட்டர் வழியாகவே ‘டப் டப்’ என்று எதிர்த்து வெடித்தால் கலவை லீன் என்று பெரும்பாலும் அர்த்தம்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் கார்புரேட்டர் வாய்க்கு மேலே முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். அந்த ‘டப்’ தீயோடு வரும்.

கேள்வி: என்னுடையது எஸ்.யு. கார்புரேட்டர். மிக்ஸ்சர் ஸ்க்ரூ எங்கே என்றே தெரியவில்லை!

இது வேறு ஜாதி. தொண்டையின் அளவு நிரந்தரமாக இல்லாமல், உள்ளே ஒரு பிஸ்டன் ஏறி இறங்கி அதை மாற்றிக்கொள்ளும், பிஸ்டனோடு ஒரு கூம்பு ஊசி ஜெட்டுக்குள் ஏறி இறங்கும். ஐடிலிங்குக்கும் முழு வேகத்துக்கும் பெரும்பாலும் அந்த ஒரே ஜெட்தான். பழைய வகையில் அடியில் ஒரு அறுகோண நட் இருக்கும். மேலே ஏற்றினால் லீன், கீழே இறக்கினால் ரிச். ஒரு தடவைக்கு ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு பங்கு சுற்று மட்டும். பிற்காலத்து எச்.ஐ.எஃப். வகையில் பக்கவாட்டில் ஸ்க்ரூ, அதில் வலப்பக்கம் திருப்பினால் ரிச்.

சோதிப்பது சுலபம். பக்கத்தில் ஒரு சிறிய பின் (pin) இருக்கும், அதை மெல்ல அழுத்திப் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தூக்குங்கள். வேகம் கூடி அப்படியே நின்றால் ரிச். உடனே தடுமாறி அணையப் பார்த்தால் லீன். லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. மேலே உள்ள குழலில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பாருங்கள், எண்ணெய் வற்றினால் பிஸ்டன் சட்டென்று எகிறி, மிதிக்கும்போது வண்டி திணறும். நிறையப் பேர் இந்த எண்ணெயை மறந்துவிட்டு ஊசியை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி: பெரிய மெயின் ஜெட் போட்டால் பிக்அப் கூடும் என்று நண்பர் ஒன்று வாங்கியே வந்துவிட்டார். 120-க்குப் பதில் 130. போடலாமா?

வெபர், சோலெக்ஸ் கம்பெனிகளின் கார்புரேட்டர்களில் அந்த எண் துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு கணக்கில். 120 என்றால் 1.20 மி.மீ. எண்ணைப் பார்த்தால் சின்ன மாற்றம் போலத் தெரியும், ஆனால் துளையின் பரப்பு 17 சதவீதம் கூடுகிறது. பெட்ரோல் முழுதாக எரிய எடை கணக்கில் 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல். அதிகபட்ச சக்தி கிடைப்பது ஏறத்தாழ 12.5 முதல் 13 பங்கு காற்றில். உங்கள் இன்ஜின் ஏற்கெனவே அந்த இடத்தில் இருந்தால் பெரிய ஜெட் கரும்புகையையும் பெட்ரோல் செலவையும்தான் கூட்டும், சிலிண்டர் சுவரில் உள்ள எண்ணெயையும் கழுவிவிடும். இன்ஜினில் வேறெதையும் மாற்றவில்லை என்றால் கம்பெனி போட்ட ஜெட்டையே விடுங்கள். நண்பரிடம் ஜெட்டைத் திருப்பிக் கொடுங்கள், நட்பு இருக்கட்டும்.

கேள்வி: பிளக்கின் நிறம் பார்த்து மிக்ஸ்சர் சொல்லலாம் என்கிறார்களே?

சொல்லலாம், கழற்றும் நேரம் சரியாக இருந்தால். நீண்ட நேரம் ஐடிலிங்கில் நின்ற பிறகு கழற்றினால் எந்த பிளக்கும் கறுப்பாகத்தான் இருக்கும். சீரான வேகத்தில் நன்றாக ஓட்டிவிட்டு, ஓரமாக நிறுத்தியதும் உடனே அணைத்து, ஆறவிட்டுப் பாருங்கள். வெளிர் பழுப்பு நல்லது. வறண்ட கரி என்றால் ரிச். வெள்ளையாகி முனையில் கொப்புளம் தெரிந்தால் லீன் அல்லது டைமிங் மிஞ்சிப் போயிருக்கிறது, அதோடு ஓட்டாதீர்கள். ஈரமாக எண்ணெய்க் கறுப்பு என்றால் மிக்ஸ்சர் இல்லை, பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ. ஈயம் இல்லாத இன்றைய பெட்ரோலில் நிறம் முன்போல் அழுத்தமாக விழாது, அதனால் ஒரு பிளக்கை வைத்துத் தீர்ப்பு சொல்லாமல் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வேறு நிறம் என்றால் அந்த சிலிண்டரில்தான் விஷயம்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டதிலிருந்து கொஞ்சம் திணறுகிறது. மனப்பிரமையா?

இல்லை. எத்தனாலில் ஆக்ஸிஜன் சேர்ந்தே இருக்கிறது, தூய எத்தனால் எரிய 9 பங்கு காற்று போதும். 10 சதவீதம் கலந்தால் 14.7 என்பது ஏறத்தாழ 14.1 ஆகிவிடும். கார்புரேட்டருக்கு இது தெரியாது, பழைய ஜெட் பழைய அளவையே தரும், ஆகவே கலவை சுமார் 4 சதவீதம் லீன் பக்கம் போகும். ஏற்கெனவே விளிம்பில் செட் செய்த வண்டியில் அது தெரியத்தான் செய்யும், மிக்ஸ்சரை மறுபடி செட் செய்தால் ஐடிலிங் சரியாகும். அதைவிட எனக்குக் கவலை ரப்பர் ஹோஸ்கள்தான். பழைய ரப்பரை எத்தனால் ஊறவைத்துக் கெடுக்கும். ஹோஸ், டயஃப்ரம் எல்லாம் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

மலைப்பகுதிக்குப் போனால் எதிர்த் திசை. 1,000 மீட்டர் ஏறினால் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய 10 சதவீதம் குறையும், கலவை ரிச்சாகும், வேக்குவம் கேஜும் தாழ்த்திக் காட்டும். சில நாள் பயணத்துக்காக செட்டிங்கை மாற்ற வேண்டாம்.

கேள்வி: மழை நாளில் கார் ஷெட்டின் கதவைப் பாதி சாத்திக்கொண்டு ட்யூன் செய்யலாமா?

வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறம் இல்லை, வாசனை இல்லை. தலைவலி வரும்போது ஏற்கெனவே உள்ளே போயிருக்கும். திறந்த வெளி, கைக்கெட்டும் தூரத்தில் பெட்ரோல் தீக்கு உரிய பவுடர் அணைப்பான். தண்ணீர் வாளி உதவாது.

கேள்வி: எல்லாம் செய்து பார்த்தாயிற்று. காலையில் செட் செய்தால் சாயங்காலம் ஐடிலிங் வேறு மாதிரி இருக்கிறது. எப்போது மெக்கானிக்கிடம் போவது?

த்ராட்டில் ஷாஃப்டை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த இடைவெளியில் காற்று நுழைகிறது, அதுவும் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவில், எந்த ஸ்க்ரூவாலும் அதைப் பிடிக்க முடியாது. கார்புரேட்டர் உடலைக் குடைந்து புஷ் என்ற உள்வளையம் போட்டு, புது ஷாஃப்ட் மாட்ட வேண்டும். இது வீட்டு வேலை இல்லை, லேத் உள்ள இடத்தில் செய்ய வேண்டியது. கழற்றிக் கொடுக்கும் முன் லிங்க், ஸ்பிரிங், ஹோஸ் எது எங்கே மாட்டியிருந்தது என்று நாலு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், நோட்டுப் புத்தகத்தையும் கூடவே கொடுத்தனுப்புங்கள்.